ஊசிமுனையும் தலைமைப் பொறுப்பும்: ஐக்கிய அமெரிக்கத் தாதியர் சங்கங்களும் ஈரல் அழற்சியும் – ஒரு வரலாற்று நோக்கு

தொழில்சார் சங்கங்களின் வரலாறு பெரும்பாலும் பதவி வகித்தோரின் பெயர்ப்பட்டியலாகவோ மாநாட்டுத் தீர்மானங்களின் தொகுப்பாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. அத்தகைய வரலாறுகளில் சங்கம் எவருடைய உழைப்பின் மீது நிலைபெற்றிருந்தது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. தமது நாளாந்தத் தொழிலைக் கைவிடாது, அங்கத்தவரால் தெரிவுசெய்யப்பட்டு, ஓய்வு நேரத்தைச் செலவிட்டுப் பொறுப்பேற்கும் தொண்டர் தலைமையே பல தொழில்சார் சங்கங்களின் முதுகெலும்பாகும். இத்தலைமையின் ஆற்றல் யாது, அதன் எல்லைகள் யாவை என்பவற்றை ஒரு குறிப்பிட்ட வரலாற்று நிகழ்வின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது, ஐக்கிய அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்திலிருந்து 2001 வரை தாதியரும் ஏனைய வைத்தியசாலை ஊழியரும் ஈரல் அழற்சி நோயிலிருந்து தம்மைப் பாதுகாத்துக்கொள்ள நடத்திய போராட்டமாகும். ஈரல் நோயாளரைப் பராமரிக்கும் தாதி, அப்பராமரிப்பின் காரணமாகவே ஈரல் நோயாளியாக மாறும் நிலை இதன் மையத்தில் உள்ளது. அந்நிலைக்குப் பொறுப்பாளி யார்? தவறிழைத்ததாகக் கருதப்படும் தனிமனிதரா, அவர் கையில் கருவியைக் கொடுத்த நிறுவனமா? இவ்வினாவுக்கான விடை இருபதாண்டுக் காலத்தில் எவ்வாறு மாறிற்று என்பதே இங்கு கூறப்படும் கதை.

1. தொண்டும் தொழிலும்

அமெரிக்கத் தாதியர் சங்கத்தின் தோற்றம் 1896 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தாதியர் பயிற்சிப் பாடசாலைகளின் பழைய மாணவியர் கழகங்கள் ஒன்றிணைந்து உருவாக்கிய அவ்வமைப்பின் முதற் தலைவியாக இசபெல் ஹம்ப்ரன் றொப் விளங்கினார். மசாசூசெற்ஸ் மாநிலத் தாதியர் சங்கம் 1903 இல் தோன்றிற்று. பதிவுச் சட்டம், கல்வித்தரம், தொழிலின் கௌரவம் என்பனவே இச்சங்கங்களின் ஆரம்பகாலக் கோரிக்கைகளாக அமைந்தன.

தாதித்தொழில் ஒரு தொண்டு என்ற கருத்து இக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. 1893 இல் டிற்றோயிற் நகரப் பயிற்சிப் பாடசாலையொன்றில் வகுக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவிய நைற்றிங்கேல் உறுதிமொழி இதற்குச் சிறந்த சான்றாகும். தன்னைப் பிறர்நலனுக்கு ஒப்படைத்தல் என்பதே அதன் சாரம். இக்கருத்து பெண்களுக்கு வீட்டுக்கு வெளியே மதிப்புமிக்கதோர் இடத்தைப் பெற்றுக்கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், தன்னலமறுப்பை அறமாக ஏற்றுக்கொண்டவர் தமது உடலுக்கு நேரும் ஊறுகளை உரிமைப் பிரச்சினையாக எழுப்பத் தயங்குவர். சம்பளத்துக்கு உழைப்பவர் என்ற உண்மையும் தொண்டர் என்ற பிம்பமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட வண்ணமே தாதியர் சங்கங்களின் வரலாறு நகர்ந்தது.

1946 இல் அமெரிக்கத் தாதியர் சங்கம் தாதியரின் பொருளாதாரப் பாதுகாப்புக்கான வேலைத்திட்டமொன்றை ஏற்றுக்கொண்டது. மாநிலச் சங்கங்கள் தொழில்தருநருடன் கூட்டாகப் பேரம்பேசும் உரிமை இதனால் அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் 1950 இல் அதே சங்கம் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்ற கொள்கையையும் வகுத்துக்கொண்டது. அக்கொள்கை 1968 இலேயே கைவிடப்பட்டது. இலாபநோக்கற்ற வைத்தியசாலைகளின் ஊழியருக்குத் தொழிலுறவுச் சட்டத்தின் பாதுகாப்பு 1974 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் விரிவாக்கப்பட்டது. ஆகவே 1980களில் மாநிலத் தாதியர் சங்கம் என்பது ஒரே கூரையின் கீழ் இரு உருவங்களைக் கொண்டிருந்தது: ஒருபுறம் தொழில்சார் கழகம், மறுபுறம் தொழிற்சங்கம். பின்னர் விளைந்த சாதனைகளுக்கும் பிளவுகளுக்கும் இவ்விரட்டைத் தன்மையே அடிப்படையாகும்.

2. ஈரல் அழற்சி ஒரு தொழில்நோயாதல்

குருதிவழித் தொற்றும் ஈரல் அழற்சியை மருத்துவ உலகம் முதன்முதலில் அறிந்துகொண்டதே தொழிலாளரிடையேதான். 1883 இல் ஜேர்மனியின் பிறேமன் நகரக் கப்பல் கட்டும் தொழிலாளர் 1,289 பேருக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. அடுத்துவந்த மாதங்களில் அவர்களுள் 191 பேருக்குச் செங்கமாரி கண்டது. மனித நிணநீரிலிருந்து தயாரிக்கப்பட்ட அம்மருந்தே காரணமென லூர்மன் என்னும் வைத்தியர் 1885 இல் எடுத்துக்காட்டினார். நோய்க்காரணி எதுவெனத் தெரியாத காலத்திலேயே, ஊசிமுனை அதன் வாகனமாகலாம் என்பது தெரியவந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குருதியேற்றலும் அறுவைச் சிகிச்சையும் குருதிச் சுத்திகரிப்பும் விரிவடைந்தபோது, வைத்தியசாலை ஊழியர் பிறர் குருதியோடு கொண்ட தொடர்பும் பன்மடங்காயிற்று. எறிந்துவிடக்கூடிய ஊசிகள் நோயாளரிடையே தொற்றுப் பரவுவதைக் குறைத்தன. ஆனால், பயன்படுத்திய ஊசியை எறியும் கை தாதியின் கையாகவோ சுத்திகரிப்புத் தொழிலாளியின் கையாகவோ இருந்தது. நோயாளியிடமிருந்து அகற்றப்பட்ட ஆபத்தின் ஒரு பகுதி ஊழியரிடம் மாற்றப்பட்டது எனலாம்.

பாரூக் புளும்பேர்க் 1965 இல் வெளியிட்ட 'அவுஸ்திரேலியா அன்ரிஜன்' பற்றிய கண்டுபிடிப்பு, 'பி' வகை ஈரல் அழற்சி வைரசை இனங்காண வழிகாட்டிற்று. 1976 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1981 இல் ஐக்கிய அமெரிக்காவில் இதற்கான தடுப்பூசி அங்கீகரிக்கப்பட்டது. விஞ்ஞானம் தனது கடமையைச் செய்து முடித்திருந்தது. எனினும் 1980களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 12,000 சுகாதார ஊழியர் தொழிலின் காரணமாக இவ்வைரசின் தொற்றுக்குள்ளாயினர் என்றும், இருநூறுக்கு மேற்பட்டோர் இதனால் இறந்தனர் என்றும் அரச மதிப்பீடுகள் கூறின. தடுப்பூசி இருந்தும் மரணம் தொடர்ந்தமைக்குக் காரணம் யாது? மூன்று தடவை ஏற்றப்பட வேண்டிய அம்மருந்தின் விலை உயர்வானது. அதனை யார் செலுத்துவது என்ற வினா தீர்க்கப்படாதிருந்தது. மனிதக் குருதியிலிருந்து தயாரிக்கப்பட்டமையால் அத்தடுப்பூசி குறித்து ஊழியரிடையே அச்சமும் நிலவிற்று.

1986 இல் அரச ஊழியர் சம்மேளனமும் ஏனைய சுகாதாரத்துறைத் தொழிற்சங்கங்களும் தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிர்வாகத்திடம் முறையீடு செய்தன. ஐந்தாண்டுகள் கழிந்த பின்னர், 1991 டிசம்பரில், குருதிவழி நோய்க்காரணிகள் பற்றிய ஒழுங்குவிதி பிரகடனப்படுத்தப்பட்டது. 'பி' வகைத் தடுப்பூசியைத் தொழில்தருநர் தமது செலவிலேயே வழங்கவேண்டும் என அது விதித்தது. 1983 க்கும் 1995 க்கும் இடையில் சுகாதார ஊழியரிடையே இத்தொற்று ஏறத்தாழ 95 சதவீதத்தால் வீழ்ச்சியுற்றது. தடுப்பூசியும், அதனை உரிமையாக்கிய சட்டமும், முன்னெச்சரிக்கை நடைமுறைகளும் இணைந்து ஈட்டிய வெற்றி இது.

ஆயினும் ஊசி மாறவில்லை. 1989 இல் இனங்காணப்பட்ட 'சி' வகை ஈரல் அழற்சி வைரசுக்குத் தடுப்பூசி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தொற்றுள்ள குருதி படிந்த ஊசி குத்தும்போது, தடுப்பூசி பெறாதவருக்கு 'பி' வகை தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரையாகும். 'சி' வகைக்கு அது நூற்றுக்கு ஏறத்தாழ 1.8. எச்.ஐ.வி.க்கு ஆயிரத்துக்கு 3. இவ்வீதங்கள் சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் 1999 இல் அரச ஆய்வு நிறுவனமொன்று வெளியிட்ட அறிக்கையின்படி ஆண்டுதோறும் 6 இலட்சம் முதல் 8 இலட்சம் வரையான ஊசிக்குத்துகள் நிகழ்ந்தன. அவற்றுட் பாதியளவு முறைப்படி அறிவிக்கப்படவே இல்லை.

3. கையின் பிழையா, கருவியின் பிழையா?

ஊசிக்குத்து ஏன் அறிவிக்கப்படவில்லை என்பது சிந்தனைக்குரியது. வைத்தியசாலைகளின் பாதுகாப்பு அறிவுறுத்தல்கள் நெடுங்காலமாக ஊழியரின் கவனத்தையே வலியுறுத்தி வந்தன. ஊசியை மீண்டும் மூடாதீர், அவசரப்படாதீர், விழிப்பாயிருங்கள் என்பனவே அவற்றின் உள்ளடக்கம். இவ்வறிவுறுத்தல்கள் பயனற்றவை அல்ல. எனினும் அவற்றின் உட்பொருள், விபத்து நேர்ந்தால் அது கவனக்குறைவின் விளைவு என்பதே. எனவே அறிவித்தல் என்பது தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்ளும் செயலாகத் தோன்றிற்று. தொண்டு மனப்பான்மை இவ்விடத்தில் மௌனத்துக்குத் துணைபோயிற்று.

இக்கருத்தின் அறிவியல் அடித்தளத்தை அசைத்தவர் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜனின் ஜாகர் ஆவார். 1988 இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒரு வைத்தியசாலையில் நிகழ்ந்த 326 ஊசிக்குத்துகளைக் கருவி வாரியாக வகைப்படுத்திற்று. ஒரு இலட்சம் கருவிகளுக்கு எத்தனை காயங்கள் எனக் கணித்தபோது, சாதாரண மருந்தூசிக்கு 6.9 ஆக இருந்த வீதம், நாளவழித் திரவக் குழாயுடன் பொருத்தப்படும் ஊசிக்கு 36.7 ஆக இருந்தது. ஒரே வைத்தியசாலை, ஒரே ஊழியர் குழு, ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. கை மாறவில்லை, கருவியே மாறிற்று. ஆபத்து பொருளின் வடிவமைப்பிலேயே பொதிந்துள்ளது என்ற இம்முடிவு, பொறுப்பை ஊழியரின் விரலிலிருந்து உற்பத்தியாளரின் வரைபடத்துக்கும் வைத்தியசாலையின் கொள்வனவுப் பிரிவுக்கும் நகர்த்திற்று.

ஊசி தானாகவே உள்ளிழுக்கப்படும் கருவிகளும், பயன்படுத்தியவுடன் உறையால் மூடப்படும் கருவிகளும் ஏற்கெனவே சந்தையில் இருந்தன. அவை சாதாரண ஊசிகளிலும் விலை கூடியவை. 1991 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி தொழில்நுட்பக் கட்டுப்பாடுகளைப் பொதுவாகக் குறிப்பிட்டதேயன்றி இத்தகைய ஊசிகளை வெளிப்படையாக விதிக்கவில்லை. காயத்தின் செலவு ஊழியரின் உடலிலும், கருவியின் செலவு நிறுவனத்தின் கணக்கேட்டிலும் பதியப்படும்வரை மலிவான கருவியே வாங்கப்படும் என்பது அரசியற் பொருளாதாரத்தின் அரிச்சுவடி.

4. பதவியும் காயமும் ஒருவரிடத்தே

1998 இல் கலிபோர்னியா மாநிலம், தொழிற்சங்கங்களின் நெடுநாள் முயற்சியின் பயனாக, பாதுகாப்பான ஊசிகளைக் கட்டாயமாக்கும் முதலாவது சட்டத்தை நிறைவேற்றிற்று. அதே ஆண்டு யூலை மாதத்தில், நாட்டின் மறுகரையில், மசாசூசெற்ஸ் தாதியர் சங்கத்தின் தலைவியாக இருந்த கரன் டேலி அவசர சிகிச்சைப் பிரிவொன்றில் கடமையில் இருந்தார். இருபதாண்டுக்கு மேற்பட்ட அனுபவமுடைய தாதி அவர். கையுறை அணிந்து நோயாளியொருவரிடம் குருதி எடுத்து, ஊசியைக் கழிவுப்பெட்டியில் இடும் வேளையில், பெட்டியினுள் இருந்த வேறோர் ஊசி அவரது சுட்டுவிரலைத் துளைத்தது. சில மாதங்களின் பின் அவருக்கு எச்.ஐ.வி.யும் 'சி' வகை ஈரல் அழற்சியும் ஒருங்கே தொற்றியிருந்தமை உறுதிப்பட்டது. நேரடி நோயாளர் பராமரிப்பை அவர் கைவிட நேர்ந்தது.

இவ்விரு தொற்றுகளும் ஒருங்கே நேரும்போது ஈரலின் சிதைவு விரைவுறும் என்பது மருத்துவர் அறிந்ததே. அக்காலத்தில் 'சி' வகைக்கு இருந்த சிகிச்சை இன்டர்பெரோன், ரிபாவிரின் ஆகியவற்றின் கூட்டாகும். கடுமையான பக்கவிளைவுகளைக் கொண்ட அதனாற் குணமடைந்தோர் ஒரு பகுதியினரே. இன்று பெரும்பாலானோரைக் குணப்படுத்தும் மருந்துகள் 2013 க்குப் பின்னரே புழக்கத்துக்கு வந்தன.

டேலி 1999 இல் தமது நிலையைப் பகிரங்கப்படுத்தினார். இம்முடிவின் முக்கியத்துவத்தைச் சரிவர மதிப்பிட வேண்டும். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் நிகழ்ந்த காயங்களுள் ஒன்றாக அது மறைந்திருக்கக்கூடும். சங்கத் தலைவி என்ற பதவியே அதற்கு வேறொரு பொருளை வழங்கிற்று. முதலாவதாக, கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டு அவரிடத்துச் செல்லுபடியாகவில்லை. விதிமுறைகளை அறிந்தவரும் பின்பற்றியவருமான மூத்த தாதிக்கே இது நேருமாயின், குறை விதிமுறையைப் பின்பற்றுவோரிடத்து இல்லை என்பது தெளிவாயிற்று. இரண்டாவதாக, அவர் தனிப்பட்ட முறையீட்டாளராக அன்றி, தெரிவுசெய்யப்பட்ட பிரதிநிதியாகச் சட்டசபையின் முன் நின்றார். மூன்றாவதாக, வாழ்வின் பெரும்பகுதியை நோயாளியின் படுக்கையருகே கழித்தவர் என்ற வகையில், பொட்டியின் வாய், ஊசியின் உறை, கடமைநேர நெருக்கடி என்பன பற்றி அவர் பேசியபோது அது கேள்விஞானமாக இருக்கவில்லை.

தொண்டர் தலைமையின் சிறப்பு இங்கேதான் புலப்படுகின்றது. முழுநேரச் சங்க நிர்வாகி சட்ட நுணுக்கத்தையும் பேரம்பேசும் திறனையும் பெற்றிருப்பார். ஆனால் தொழிலின் ஆபத்தைத் தன் கையால் தொட்டறியும் வாய்ப்பு அவருக்குக் குறைவு. தொழிலை விடாத தலைமை, அங்கத்தவரின் நிலைமையைத் தன் நிலைமையாகவே கொண்டுள்ளது. அதே காரணத்தால் அது எளிதிற் காயப்படக்கூடிய தலைமையுமாகும்.

5. சட்டம்

1999 இல் மாநிலங்கள் பலவற்றிலும் மத்திய காங்கிரசிலும் சட்டமூலங்கள் முன்வைக்கப்பட்டன. அமெரிக்கத் தாதியர் சங்கமும் சுகாதாரத்துறைத் தொழிற்சங்கங்களும் அவற்றை ஆதரித்துப் பிரசாரம் செய்தன. 2000 ஆம் ஆண்டு யூனில் டேலி பிரதிநிதிகள் சபையின் உபகுழுவொன்றின் முன் சாட்சியமளித்தார். இரு கட்சியினரும் இணைந்து கொணர்ந்த சட்டமூலம் ஒக்ரோபரில் இரு சபைகளிலும் எதிர்ப்பின்றி நிறைவேறிற்று. 2000 நவம்பர் 6 ஆம் திகதி சனாதிபதி கிளின்ரன் ஊசிக்குத்துப் பாதுகாப்பு, தடுப்புச் சட்டத்திற் கையொப்பமிட்டார். டேலி அவ்விடத்தில் உடனிருந்தார். திருத்தப்பட்ட ஒழுங்குவிதி 2001 ஏப்பிரிலில் அமுலுக்கு வந்தது.

இச்சட்டத்தின் மூன்று அம்சங்கள் நம் கவனத்துக்குரியவை. பாதுகாப்பான கருவிகளை ஆராய்ந்து பயன்படுத்தும் கடப்பாடு தொழில்தருநர் மீது சுமத்தப்பட்டது. ஒவ்வோர் ஊசிக்குத்தும் எந்தக் கருவியால், எவ்விடத்தில், எவ்வாறு நிகழ்ந்தது என்பதைப் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிப்படாத வகையிற் பதிவேட்டிற் குறிக்கவேண்டுமென விதிக்கப்பட்டது. மூன்றாவது அம்சமே வரலாற்று நோக்கில் ஆழமானது: கருவிகளைத் தெரிவுசெய்யும்போது அவற்றை நேரடியாகக் கையாளும், நிர்வாகப் பொறுப்பில் இல்லாத ஊழியரின் கருத்தைப் பெறவேண்டும். நிர்வாகத்தின் தனியுரிமை எனக் கருதப்பட்டு வந்த கொள்வனவுத் துறையில் உழைப்பவரின் குரலுக்குச் சட்டபூர்வமான இடம் கிடைத்தது. ஜாகரும் சகாக்களும் 2012 இல் வெளியிட்ட ஆய்வு, சட்டம் அமுலுக்கு வந்த 2001 ஆம் ஆண்டில் வைத்தியசாலை ஊழியரின் இத்தகைய காயங்கள் ஏறத்தாழ 38 சதவீதத்தாற் குறைந்ததைக் காட்டிற்று. ஐரோப்பிய ஒன்றியமும் 2010 இல் இதையொத்த பணிப்புரையை வெளியிட்டது.

6. எல்லைகள்

வெற்றியைக் கூறுமிடத்து அதன் குறைகளை மறைப்பது ஆய்வாளனுக்குத் தகாது. தொழிற் பாதுகாப்புச் சட்டத்தின் அமைப்புக் காரணமாக, தமக்கெனத் தனித் திட்டம் வகுத்துக்கொள்ளாத மாநிலங்களில் மாநில, நகர அரசுகளின் வைத்தியசாலை ஊழியர் இதன் பாதுகாப்புக்கு வெளியே நின்றனர். 1986 இல் முறையீடு செய்தோரின் முன்வரிசையில் அரச ஊழியர் சம்மேளனமே நின்றது என்பதை நோக்கும்போது இதன் முரண்பாடு விளங்கும்.

மற்றையது, சங்கத்தின் உள்முரண்பாடு. படுக்கையருகே பணிபுரியும் தாதியரின் நலன்களுக்கும், நிர்வாகத்திலும் கல்வித்துறையிலும் உள்ள தாதியரின் நோக்கங்களுக்கும் இடையிலான இடைவெளி 1990களில் விரிந்துகொண்டே சென்றது. கலிபோர்னியாத் தாதியர் சங்கம் 1995 இல் தேசிய அமைப்பிலிருந்து விலகிற்று. 2001 மார்ச்சில், புதிய ஒழுங்குவிதி அமுலுக்கு வருவதற்குச் சில வாரங்களின் முன், மசாசூசெற்ஸ் தாதியர் சங்கமும் விலகிற்று. அச்சங்கத்தின் தலைவியாக இருந்த டேலியோ 2010 முதல் 2014 வரை தேசிய அமைப்பாகிய அமெரிக்கத் தாதியர் சங்கத்தின் தலைவியாகப் பணியாற்றினார். தொழில்சார் கழகமும் தொழிற்சங்கமும் ஓருடலாக இயங்கமுடியுமா என்ற பழைய வினா இங்கு விடையின்றி இரு கிளைகளாகப் பிரிந்து சென்றது. ஆனால் ஊசிக்குத்துச் சட்டம் உருவானது அவ்விரு கிளைகளும் ஒன்றாக நின்ற இறுதித் தருணங்களிலேதான் என்பது அவதானிக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றை ஒரு வீராங்கனையின் கதையாகச் சுருக்கிவிடுவது எளிது. அவ்வாறு செய்வது டேலியின் துணிவைப் போற்றுவதாகத் தோன்றினும், வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. தொழிற்சங்கங்களின் 1986 ஆம் ஆண்டு முறையீடு, ஜாகரின் கணக்கெடுப்பு, கலிபோர்னியாவின் முன்மாதிரி ஆகியன இல்லாதிருப்பின் அவரது சாட்சியம் அனுதாபத்தோடு கேட்கப்பட்டு மறக்கப்பட்டிருக்கும். அதேவேளை, அவர் போன்றோர் அத்தலைமைப் பதவியில் இல்லாதிருப்பின் புள்ளிவிபரங்கள் அறிக்கைகளுக்குள்ளேயே உறங்கியிருக்கும்.

இவ்வரலாறு எழுப்பும் இன்னொரு வினா நம்மைச் சங்கடப்படுத்துவது. 1981 இல் தடுப்பூசி இருந்தது. 1988 இல் ஆதாரம் இருந்தது. பாதுகாப்பான கருவிகளும் சந்தையில் இருந்தன. சட்டம் 2000 இலேயே வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் காயமுற்றோரின் தொகை இலட்சங்களில் எண்ணத்தக்கது. அறிவுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள இத்தூரத்தைக் கடக்க ஒரு சங்கத் தலைவி தமது ஈரலையும் தொழிலையும் விலையாகக் கொடுக்க நேரும் சமூகத்தில், தொண்டுள்ளத்தைப் புகழ்வது மட்டும் போதாது. காயங்களின் பதிவேடும், கருவியைத் தெரிவுசெய்யும் குழுவில் உழைப்பவருக்குரிய ஆசனமும் ஏற்படுத்தப்பட்டமைக்கான காரணம், இனியொருவர் அவ்விலையைக் கொடுக்காதிருக்க வேண்டும் என்பதே. சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்போர் முதலிற் காக்கவேண்டியவை அவையே.